வரப்பில் வாசிக்கிறவள்

மேட்டூர் நீர்மட்டத்தை முதலில் சொல்லிவிட்டால் அப்புறம் எவளும் மற்றதைக் காதில் வாங்க மாட்டாள். தங்கம் விலையைச் சொன்னால் எல்சி அதையே பிடித்துக்கொண்டு ஒரு மா நிலம் நட்டு முடிகிறவரை விடமாட்டாள். அப்படியானால் இதை எங்கே வைப்பது? எடுத்த எடுப்பில் சொல்லிவிடலாமா, இல்லை வெயில் ஏறி எல்லாருக்கும் இடுப்பு விட்டுப்போகிற நேரத்துக்கென்று பத்திரமாக வைத்திருக்கலாமா? முதலில் நான் சரியாகத்தான் படித்தேனா?

அம்சம் வரப்பில் சாக்கை விரித்து உட்கார்ந்து, பேப்பரின் ஐந்தாம் பக்கத்தை நான்காவது முறையாகப் படித்தாள். பத்து வரிகூட இல்லாத செய்தி. பக்கத்தில் இருந்த ஜவுளிக்கடை விளம்பரம் அதைவிடப் பெரியது. வருகிற பன்னிரண்டாம் தேதியிலிருந்து, அரசாங்க அலுவலகங்களில் இருக்கும் பதிவேடுகளை எந்தக் குடிமகனும் கேட்டுப் பார்க்கலாம். எதற்காக என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடைசி வரிதான் காலையில் ஹமீதா பானுவின் மளிகைக் கடையில் அவளை நிற்க வைத்துவிட்டது. முதல் பஸ்ஸில் வரும் பேப்பரை ஹமீதா பானு படித்து முடித்ததும் அம்சத்துக்குக் கொடுப்பாள். சாயங்காலம் அது கடைக்குத் திரும்பி வந்து சீரகம் மடிக்கப் போகும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போனாலும், சாவுச் சான்றிதழ் வாங்கப் போனாலும், ஜன்னலுக்கு உள்ளேயிருந்து வரும் முதல் கேள்வி ‘எதுக்கு?’ என்பதுதான். அந்தக் கேள்வியை ஒரு சட்டம் எடுத்துவிடுமா? அப்படியும் ஒரு சட்டம் எழுதுவார்களா?

அவளுக்கு எதிரே வைத்தியலிங்கத்தின் வயலில் பதினோரு பெண்கள் ஒரே வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் வானம் கிடந்தது. ஒவ்வொருத்தியும் மேகத்துக்குள் கையை விட்டு எடுப்பதுபோல் இருந்தது.

பேப்பர் படிக்கிற வேலை ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளிடம் வந்தது. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து, ஆறு மாதம் குனியவே கூடாது என்று திருவாரூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நடவு நேரத்தில் வீட்டில் கிடந்தால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள் அழுதபோது, வரப்பில் வந்து உட்கார்ந்துகொள், எட்டாவது படித்தவள்தானே, பேப்பரைப் படி, உன் பங்கை நாங்கள் நட்டுவிடுகிறோம் என்று சொன்னவள் ஃபிளோரா. அப்போது ஃபிளோராவும் இந்த வரிசையில் ஒருத்தி; கை வேகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. மொத்தமாகப் பேசி நடுகிற கூட்டம் என்பதால் வயல்காரர்கள் ஒன்றும் சொல்வதற்கில்லை. வைத்தியலிங்கம் மட்டும், நீங்கள் நடவு ஆளா, சட்டசபையா என்று கேட்டுவிட்டுப் போவார். ஆறு மாதம் முடிந்து அம்சம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கப் போனபோது அவர்கள் விடவில்லை. அதற்குள் அவர்களுக்குப் பேப்பர் பழகிவிட்டிருந்தது. குனிந்த முதுகுக்கு மேலே யாரோ உலகத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தால் சேறு கொஞ்சம் இளகி வருகிறது என்று அமலி சொன்னாள். அமலி அக்கா வாய்க்கால் கரைக் குடிசையில் தனியாக இருப்பவள், புருஷன் செத்துப் பதினைந்து வருஷம், பேச்சு குறைவு. அவள் சொன்னால் மறுபேச்சு இல்லை.

ஆகவே கூட்டத்தில் சேறு படாத கை அம்சத்துடையது ஒன்றுதான். வெற்றிலை மடித்து வாயில் வைப்பதும், கண்ணில் விழுந்த பூச்சியை எடுப்பதும், யாராவது கையெழுத்து வாங்க வந்தால் பேனாவை முதலில் வாங்குவதும் அவள்தான். அதில் அவளுக்கு ஒரு கூச்சம் இருந்தது. கூச்சத்துக்கு அடியில் யாருக்கும் காட்டாத ஒரு பெருமையும் இருந்தது. தன் கையெழுத்தை அவளுக்குப் பிடிக்கும். ‘ம்’மின் புள்ளியைக் குண்டாக, நடுவில் வெள்ளை விட்டுப் போடுவாள்.

நடுவில் மூன்று வருஷம் ஆறே வரவில்லை. நடவு இல்லை. ஆண்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போனார்கள். அவள் புருஷன் ரெத்தினம் சிங்கப்பூருக்குக் கம்பி கட்டுகிற வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹமீதா பானுவின் கடைப் போனில் பேசும்போது அவன் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, கட்டடங்களைப் பற்றியே சொல்வான். இங்கே வீட்டை அரசாங்கமே கட்டுகிறது, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், பால்காரனும் அதில்தான் இருக்கிறான், ஆபீசரும் அதில்தான் இருக்கிறான் என்பான். நம் வீட்டுக்கு மனு என்ன ஆயிற்று என்று முடிப்பான். பதினாறாவது மாடியில் நின்று கம்பி கட்டுகிறவனின் வீட்டுக் கூரை இங்கே ஐப்பசி மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகியது. அந்த மூன்று வருஷமும் வாய்க்கால் தூர்வாரும் இடத்தில், கூலியாக வந்த அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு அம்சம் பேப்பர் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்கு ஒன்று புரிந்தது. தில்லியில் ஒரு தாளில் எழுதுவது நடந்து நடந்து ஒருநாள் இந்த ஊருக்கு வந்து சேர்கிறது. வழியில் எங்கெங்கோ உட்கார்ந்துவிடுகிறது, ஆனாலும் வருகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர்போல. கடைமடை என்று சும்மா இருந்துவிட்டால் வராது. மடை எங்கே அடைத்திருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

போன வருஷம் ஒரு செய்தி படித்தாள். கிராம சபை என்றால் தலைவரும் மெம்பர்களும் இல்லை, ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் சேர்ந்ததுதான் சபை. வீடு யாருக்கு என்கிற பட்டியலை அந்தச் சபையில் வாசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சட்டசபையைக் கலைக்கலாம், கிராம சபையை யாரும் கலைக்க முடியாது. அவள் வாசித்து நிறுத்தினாள்.

“அப்ப நாம சாவுற வரைக்கும் அதுல மெம்பரா?” என்று அமலி கேட்டாள்.

“செத்தாலும்தான். எங்க மாமியா போயி ஏழு வருஷமாச்சு, போன எலெக்சன்லகூட ஓட்டுப் போட்டிருக்கு” என்றாள் எல்சி.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அன்று கரையேறும்போது அமலி மெதுவாகத்தான் நடந்தாள். தலையில் ஏதோ நிறைகுடம் இருப்பதுபோல.

வாழ்க்கையில் முதல்முறையாக இந்த வருஷம் வீட்டுப் பட்டியலில் தன் பெயர் இருப்பதாக அம்சம் கேள்விப்பட்டிருந்தாள். ஊருக்கு ஒன்பது தொகுப்பு வீடு. கான்கிரீட் கூரை. அன்றைக்கே குடிசையைச் சுற்றி நாலு மூங்கில் முளை அடித்துக் கயிறு கட்டினாள். காலையில் வாசல் தெளித்த கையோடு அந்தக் கயிற்றுக்குள் நடப்பாள். இது அடுப்பு வைக்கிற இடம். இது ஜன்னல். கான்கிரீட்டில் மழை பெய்தால் உள்ளே என்ன சத்தம் கேட்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சத்தமே கேட்காது என்று ரெத்தினம் போனில் சொன்னான். வெளியே மழை பெய்ய, உள்ளே அது கேட்காமல் ஒரு மனுஷி தூங்குவது என்பதை அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

இப்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மேட்டூருக்கும் தங்கத்துக்கும் முன்னால் அந்தப் பதிவேட்டுச் செய்தியையே வாசித்தாள். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்ற வரியை இரண்டு முறை வாசித்தாள்.

எல்சி நிமிர்ந்து, முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் பஞ்சாயத்து ஆபீஸ் பீரோவைத் திறந்து காட்டச் சொல்லலாமா என்று கேட்டாள். சாவி ரெமிஜியஸ் இடுப்பில் அல்லவா இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. ரெமிஜியஸ் ஃபிளோராவின் புருஷன். நாலு வருஷத்துக்கு முன்னால் தலைவர் பதவி பெண்களுக்கென்று வந்தபோது இந்தப் பெண்கள்தான் ஃபிளோராவை நிறுத்தினார்கள். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவள் அம்சம். ஜெயித்தது ஃபிளோரா. நாற்காலியில் உட்கார்ந்தது பெரும்பாலும் ரெமிஜியஸ். அதைப் பற்றி வயலில் நிறையக் கேலி உண்டு. ஃபிளோராவின் முகத்துக்கு நேரே யாரும் பேசியதில்லை.

மோப்பட் சத்தம் கேட்டது. ஊராட்சி எழுத்தர் சவரிராஜ் ஓட்டிவர, பின்னால் குடையும் நீளமான ஒரு புத்தகமுமாக ஃபிளோரா உட்கார்ந்திருந்தாள். எதற்கு வருகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காந்தி ஜெயந்திக்குப் பள்ளிக்கூட மரத்தடியில் கிராம சபை என்று தமுக்கு அடித்தார்கள். போய் நின்றார்கள். மழை வந்தது. கூட்டம் ஒத்திவைப்பு என்று சொல்லி சவரிராஜ் நாற்காலிகளை அடுக்கினார். ஒத்திவைத்த கூட்டம் இப்படி மோப்பட்டில் வரும். வருஷா வருஷம் அப்படித்தான். வயலில், களத்தில், தண்ணீர்ப் பைப்படியில் கையெழுத்தும் ரேகையும் வாங்கிக்கொள்வார்கள். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. பெண்களின் வேலை கெடாமல் வீடு தேடி வருகிறார்களே என்று நல்லதாகத்தான் பட்டது.

ஃபிளோரா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்து வந்தாள். அந்தப் பழக்கம் மட்டும் அவளிடம் மாறவில்லை. குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு சவரிராஜ் பின்னால் வந்தார்.

“வாங்க தலைவரே” என்றாள் அம்சம், சாக்கில் நகர்ந்து இடம் விட்டு.

“நீயுமாடி” என்று சிரித்தபடி உட்கார்ந்த ஃபிளோரா, புத்தகத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள். புதுப் பக்கம். மேல் பாதி வெள்ளையாக இருந்தது. கீழே சவரிராஜ் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தார், கையெழுத்து தொடங்க வேண்டிய இடத்தில். ஃபிளோரா குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். நாலு மணிக்குள் தீர்மானம் யூனியன் ஆபீசுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் ஒன்பது வீடும் வேறு ஊருக்கு. அம்சத்தின் பெயர் மூன்றாவது, எல்சியின் பெயர் ஏழாவது. எழுத வேண்டியதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

பேனா சூடாக இருந்தது. ஃபிளோரா வழியெல்லாம் கையில் பிடித்து வந்திருக்க வேண்டும். அம்சம் குறியைப் பார்த்தாள். அதற்கு மேலிருந்த வெள்ளையைப் பார்த்தாள். கயிற்றுக்குள் இருக்கும் ஜன்னல் நினைவுக்கு வந்தது.

“அமலி அக்கா பேரு எத்தனாவது?”

ஃபிளோரா சவரிராஜைப் பார்த்தாள். அவர் குடையைச் சுருக்கினார். “அது சிக்கல்ம்மா. வாய்க்கா கரையில ஆளே இல்லன்னு ரெக்கார்டு இருக்கு. அதத் தாண்டி நம்ம எழுத முடியாது.”

“யாரு எழுதுன ரெக்கார்டு?”

அவர் கண் ஒரு கணம் அவள் மடியில் இருந்த புத்தகத்துக்குப் போய் வந்தது.

பன்னிரண்டாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. புத்தகம் மடியிலேயே இருந்தது. அவள் பின்பக்கமாகப் புரட்டத் தொடங்கினாள். கடைசிப் பக்கம்தான், அங்கே போட்டால் போதும் என்று சவரிராஜ் சொன்னார். அவள் புரட்டிக்கொண்டே போனாள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே சவரிராஜின் சாய்ந்த எழுத்து, கீழே முதல் ஆளாக அவள் பெயர். குண்டுப் புள்ளி. குண்டுப் புள்ளி. எட்டுப் பத்து முறை தன்னையே எதிரில் சந்தித்தாள். தூர்வாரிய வருஷத்துப் பக்கத்தில் கை நின்றது.

அவள் அதை வாசித்தாள். மனசுக்குள் வாசிக்கத்தான் நினைத்தாள். ஐந்து வருஷப் பழக்கம், இந்த வரப்பில் உட்கார்ந்து எதைப் படித்தாலும் வாய் திறந்துகொண்டது. பேப்பர் வாசிக்கிற அதே குரலில், தேதியிலிருந்து வாசித்தாள்.

“‘மேற்படி வாய்க்காலைத் தூர்வாரும் பணிக்குத் தடை ஏதும் இல்லை என்றும், வாய்க்கால் கரைப் புறம்போக்கில் குடியிருப்போர் எவரும் இல்லை என்றும் இக்கிராம சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.’ அம்சம். எல்சி. அமலி, இடது பெருவிரல் ரேகை.”

ரேகைக்குப் பக்கத்தில் ‘அமலி’ என்று எழுதியிருந்தது அவள் கைதான். யார் ரேகை என்று எழுதச் சொல்வார்கள், அவள் எழுதுவாள். அன்றைக்கு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து எழுதியது நினைவிருந்தது. அமலியின் விரலைத் தானே பிடித்து மையில் ஒற்றியதும், சேற்றுப்புண் பட்ட விரல் என்பதால் மெதுவாக அழுத்தியதும். மேலே அப்போது வெள்ளையாகத்தான் இருந்தது.

வயலில் எல்லாரும் நிமிர்ந்து நின்றார்கள். அமலி தன் இடது கையைத் தண்ணீரில் அலசினாள். கட்டைவிரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“நான் அங்க இல்லன்னு நான்தான் சொன்னேனா?” என்றாள். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

ஃபிளோராவின் முகம் வெளுத்திருந்தது. பக்கத்தின் அடியில், முத்திரைக்கு மேலே, தலைவராக அவள் போட்ட கையெழுத்தும் இருந்தது. வேலை வந்தால் ஊர் பட்டினி கிடக்காது, அதற்காகத்தான் எழுதியிருப்பார்கள் என்று அவள் யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். பிறகு அம்சத்துக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“நானும் படிக்கல அம்சம். எங்க வீட்டுக்காரரு இங்க போடுன்னாரு, போட்டேன்.”

அம்சத்துக்கு ஃபிளோராமேல் கோபம் வரவில்லை. தன்மேல்கூட வரவில்லை, அது இனிமேல்தான் வரும், கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும்போது. இப்போது அவளை நிறைத்திருந்தது வேறு. கோயிலில் தேர் அசைகிற முதல் கணத்தில், அவ்வளவு பெரியது இந்தக் கயிற்றாலா நகர்கிறது என்று ஒரு நடுக்கம் வருமே, அதுபோன்றது. அரை அங்குல மை. காலமெல்லாம் அந்தக் கரையில் அடுப்பெரித்த ஒருத்தியை அது அங்கே இல்லாமல் ஆக்கியிருக்கிறது. தாசில்தார் வரவில்லை, போலீஸ் வரவில்லை. வாக்காளர் பட்டியலில் உள்ள சில பெண்கள் சேர்ந்து சொன்னார்கள், அது நடந்துவிட்டது. பேப்பரில் போட்டிருந்தது அத்தனையும் உண்மைதான். சபைக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. அவள் விரலுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. இல்லாமல் ஆக்க முடியுமென்றால் இருக்க வைக்கவும் முடியுமல்லவா?

“இப்ப அதெல்லாம் பேச நேரமில்ல” என்று சவரிராஜ் கெஞ்சுகிற குரலில் சொன்னார். அவரும் கூரை வீட்டுக்காரர்தான், கெட்டவர் இல்லை. இந்த ஒன்பதை முதலில் வாங்கிவிடுவோம், அமலிக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஒத்திவைத்த கூட்டத்தை இன்றைக்கே கூட்டிப் பட்டியலை வாசிக்க முடியாதா என்று அம்சம் கேட்டாள். இந்த வரப்பிலேயே கூட்டலாம், தமுக்கு அடித்தால் அரை மணி நேரத்தில் ஊர் வந்துவிடும், முதலில் அந்தப் பழைய தீர்மானத்தை ரத்துசெய்து எழுதலாம். சவரிராஜ் தலையை ஆட்டினார். ரத்துசெய்தால் ஏன் என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் பட்டியல் நிற்கும், நாலு மணி போய்விடும்.

“எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளக்கா” என்றாள் எல்சி வயலிலிருந்து. எப்போதும் கேலி பேசும் குரல் அது. இப்போது அதில் கேலி இல்லை.

“நீ போட்டாத்தான் மத்தவளுவ போடுவாளுவ” என்றாள் ஃபிளோரா. “உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? உன்ன இந்த வரப்புல உக்கார வச்சதே நான்தானே.” பேனாவை எடுத்து, மூடி கழற்றி, மறுபடி நீட்டினாள்.

அவள் சொன்னது உண்மை. அதனால்தான் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் மணியடிக்கும். பதினாறு மாடிக்குக் கம்பி கட்டியவனிடம் என்ன சொல்வது? எல்சியின் பிள்ளைகளை எப்படிப் பார்ப்பது?

அம்சம் புத்தகத்தை, தூர்வாரிய வருஷத்துப் பக்கம் திறந்தபடியே, ஃபிளோராவின் மடியில் வைத்தாள். பேப்பரை நாலாக மடித்து, காற்றில் பறக்காமல் ஒரு நாற்று முடியை அதன்மேல் வைத்தாள். எழுந்து சேலையைத் தூக்கிச் செருகினாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு வயலுக்குள் கால் வைத்தபோது சேறு முழங்கால்வரை வந்து அவளைப் பிடித்துக்கொண்டது. அமலிக்கும் எல்சிக்கும் நடுவே போய், ஒரு முடியைப் பிரித்து, குனிந்தாள். இடுப்பு சுருக்கென்றது. இரண்டு கையும் மணிக்கட்டுவரை சேற்றுக்குள் போயின.

“அம்சம்” என்று ஃபிளோரா கூப்பிட்டாள்.

“கையெல்லாம் சேறா இருக்கு ஃபிளோரா. நீ ஒரு தடவ அந்தப் பக்கத்தப் படி” என்றாள் அம்சம், நிமிராமல். தலைவரே என்று சொல்லவில்லை.

எல்சி அவளைப் பார்க்கவில்லை. ஆனால் அரை அடி தள்ளி நின்று, அவள் கைக்கு இடம் விட்டாள். அமலி தன் வரிசையில் ஒரு நாற்றை ஊன்றினாள், அடுத்ததை ஊன்றினாள். ஒருத்தி பின்னால் ஒரு அடி வைக்க, எல்லாரும் வைத்தார்கள். நடுகிறவர்கள் பின்னோக்கித்தான் நகர்வார்கள். ஒவ்வொரு அடிக்கும் அவர்களுக்கும் வரப்புக்கும் நடுவே ஒரு வரிசை பச்சை முளைத்து நின்றது, பிறகு இன்னொரு வரிசை. அதற்கு அப்பால், மடியில் திறந்த புத்தகத்தின்மேல் ஃபிளோராவின் தலை குனிந்திருந்தது. வாசிக்கிறாளா, வெறுமனே பார்க்கிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. அவள் உதடுகள் மட்டும் அசைவதுபோல் இருந்தது.